ஐந்து சுவர் அறையில் ஒரு மேஜை

தெரு வளைகிற இடத்தில் வீடு கட்டினால் யாராவது ஒருவர் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். தெரு விட்டுக்கொடுக்கவில்லை, சாப்பாட்டறை விட்டுக்கொடுத்தது. கட்டியவர் அறையின் ஒரு மூலையை நறுக்கிவிட்டு, அங்கே குறுக்காக ஒரு சுவரை எழுப்பி, போனால் போகிறதென்று அதில் ஒரு ஜன்னலையும் வைத்திருந்தார். ஆக மொத்தம் ஐந்து சுவர். வீடு பார்க்க வந்த அன்று "வித்தியாசமா இருக்குல்ல?" என்று கணவன் கேட்டதற்குப் பூரித்துப்போய்த் தலையாட்டியவள், குடிவந்த பிறகு அதே அறையின் நடுவில் நின்று தலையைச் சொறிந்தாள்.

அவள் ஆயத்த ஆடைப் பட்டறையில் துணி வெட்டுகிறவள். அங்கே எல்லோருக்கும் அவள் மாஸ்டர். கணவன் கேலியாகச் சொல்லத் தொடங்கி, வீட்டிலும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. எவ்வளவு கோணலான உடம்புக்கும் துணி வெட்டிக் கச்சிதமாக உட்கார வைப்பவள், ஒரு கோணல் அறைக்கு முன்னால் முழி பிதுங்கி நின்றாள்.

அறை அழகாக இல்லை என்பதல்ல அவள் கவலை. கவலை மாமனாரைப் பற்றியது. வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டிய மனிதர். இப்போது காது அநேகமாகப் போய்விட்டது. காதில் மாட்டும் கருவி நாலு பேர் பேச்சையும் பாத்திரச் சத்தத்தையும் ஒன்றாகக் கலக்கிக் கொடுத்ததால், அதை டப்பாவில் போட்டுத் தூங்க வைத்துவிட்டார். எதிரே இருப்பவரின் வாயசைவைப் பார்த்தே புரிந்துகொள்வார். பழைய வீட்டில் வட்ட மேஜை. யார் வாயைத் திறந்தாலும் தெரியும். இங்கே வட்ட மேஜையைப் போட்டால் அடுக்களைக் கதவு திறக்கவில்லை. நீள மேஜையைச் சுவரோடு ஒட்டிப் போட்டால்தான் நடக்க வழி. அப்படி வரிசையாக உட்கார்ந்ததில், அவருக்கு எல்லோருடைய கன்னமும் காதும்தான் தெரிந்தன.

ஒரு நாள் பேத்தி, பரீட்சையில் தோற்ற தோழி அழுததைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஏதோ வேடிக்கை என்று நினைத்து மாமனார் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.  எல்லோர் முகத்தையும் பார்த்து அவரே புரிந்துகொண்டார். மறுநாள் முதல் தட்டைத் தூக்கிக்கொண்டு தன் அறைக்குப் போய்விடுவார்.

"நியூஸ் பாக்கணும்மா" என்பார்.

தண்ணீர் கொண்டுபோன மாஸ்டர் பார்த்தாள். டிவி அணைந்தே கிடந்தது. அவர் ஜன்னலைப் பார்த்தபடி மென்றுகொண்டிருந்தார்.  அதற்குப் பிறகு அவள் வாய்க்குள் போட்ட எதுவும் ருசிக்கவில்லை.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. மேஜையின் ஒரு முனையைக் குறுக்குச் சுவரின் சாய்வுக்கே வெட்டிவிட்டால்? அந்தச் சுவரில் முதுகு சாய்த்து மாமா உட்காரலாம். அங்கிருந்து பார்த்தால் வரிசை முழுவதும் முகம் காட்டும். பழைய செய்தித்தாள்களை ஒட்டி, தரையில் விரித்து, மண்டியிட்டு, தச்சருக்குக் கொடுப்பதற்காக மேஜைப் பலகையின் வடிவத்தை நிஜ அளவிலேயே வெட்டி, அளவுகளை எழுதினாள்.

"என்ன மாஸ்டர், ரூமுக்குச் சட்டை தைக்கிறியா?" என்றான் கணவன்.

"ஆமா. மிச்சத் துணியில உங்க வாய்க்கும் ஒரு உறை."

மேஜை வருவதற்குள் நீளச் சுவரையும் அலங்கரித்து முடித்தாள். குடும்பப் படங்கள், கடிகாரம், பேத்தி சிறு வயதில் வரைந்த யானை. யானைக்கு ஐந்து கால்; ஐந்து சுவர் அறைக்குப் பொருத்தம்தான். ஒவ்வொன்றுக்கும் காகிதம் வெட்டிச் சுவரில் ஒட்டிப் பார்த்து, ஏற்றி இறக்கி, ஒரு மாலைப் பொழுது முழுவதையும் அதற்கே கொடுத்தாள்.

மேஜை வந்தது. தச்சரும் கணவனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து உள்ளே தூக்கி வந்து வைத்தார்கள்.  சாய்வு எதிர்ப்பக்கமாக இருந்தது. குறுக்குச் சுவர் இடப்பக்கம் சாய்ந்தால், மேஜை வலப்பக்கம் சாய்ந்தது.

"அண்ணே, மாத்தி வெட்டிட்டீங்களே!"

"நானா?" தச்சர் அவள் கொடுத்த காகிதத்தை எடுத்துப் பலகைமேல் விரித்தார். மயிரிழை பிசகாமல் பொருந்தியது. "இது மேல்பக்கம்னு எழுத்தே சொல்லுதே. எழுதின பக்கத்த யாரும்மா கீழ வைப்பாங்க?"

மாஸ்டர் வைப்பாள். துணி வெட்டுகிறவர்கள் எல்லோரும் வைப்பார்கள். கோடும் குறியும் துணியின் உட்பக்கத்தில்தான். வெளியே தெரிகிற பக்கத்தில் சுண்ணக்கட்டி படக்கூடாது. இத்தனை வருடப் பழக்கத்தில் கை தானாகவே காகிதத்தின் அடிப்பக்கத்தில் எழுதியிருக்கிறது. பலகையைப் புரட்டிப் போடவும் வழியில்லை. மேலே மைக்கா ஒட்டியாகிவிட்டது, கீழே கால்கள்.

"புதுசா செய்ய ஒரு மாசம் ஆகும்மா" என்று சொல்லிவிட்டுத் தச்சர் போய்விட்டார்.

ஒரு மாதத்தில் தனியாகச் சாப்பிடுவது பழகிவிடும். பழகிய பிறகு சிம்மாசனமே போட்டாலும் அந்த மனிதர் வரமாட்டார். அதுதான் அவளை வதைத்தது. வேறு வழியில்லாமல் மேஜையை நீளச் சுவரோடு ஒட்டினாள். சாய்வான முனை இப்போது சுவரைப் பார்த்தது.

மாமனார் வந்தார். யாரும் சொல்லாமலே அந்தச் சாய்வு முனையில்தான் உட்கார்ந்தார். நேர் எதிரே சுவர், ஐந்து கால் யானை. பக்கத்தில் பிள்ளை, மருமகள், பேத்தி என்று வரிசையாகக் கன்னங்கள். கொஞ்ச நேரம் சுவரையே பார்த்தார்.

"நல்லாத்தாம்மா இருக்கு" என்றார். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குப் போனார். மாஸ்டர் அடுக்களையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

விடுமுறை நாள் காலையில் காய்கறிப் பையோடு திரும்பியவளுக்கு வாசலிலேயே சுத்தியல் சத்தம் கேட்டது. உள்ளே, அவள் பார்த்துப் பார்த்து மாட்டிய படங்களெல்லாம் தரையில் கிடந்தன. யானை உட்பட.

"யாரைக் கேட்டுக் கழட்டினீங்க?" என்று கணவன்மீது பாய்ந்தாள்.

"என்னை முறைக்காத. அப்பாவைக் கேளு."

அவள் தையல் அறையில் உடுத்திப் பார்ப்பதற்காக நிற்கும் ஆளுயரக் கண்ணாடி, நீளச் சுவரில் படுத்திருந்தது. கீழே இரண்டு கொக்கி. மேல் விளிம்புக்குப் பின்னால் மடித்த அட்டை. மாமனார் சாய்வு முனையில் உட்கார்ந்து கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னும் கொஞ்சம் கீழ சாய்… வலது பக்கம் ஒரு பொட்டு… போதும், போதும்! விடு!" பிறகு மருமகளைப் பார்த்தார். "நீயும் உக்காரும்மா. எல்லாரும் பேசுங்க. சத்தம் வேணாம், வாயை மட்டும் அசைங்க."

பேத்தி கண்ணாடியைப் பார்த்து உதட்டை அசைத்தாள். மாமனார் சட்டென்று மீசையைத் துடைத்தார்.

"எங்க? போயிடுச்சா?"

மீசையில் சுண்ணாம்புத் தூள் இருந்தது. அறையே சிரித்தது. அவரும் சிரித்தார், எல்லோரும் சிரிக்கும்போதே. மாஸ்டர் கண்ணாடியைப் பார்த்தாள். அவள் முகம், கணவன் முகம், மகள் முகம், மூன்றும் வரிசையாக ஜன்னல் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிந்தன.

"பஸ்ல அத்தனை வருஷம் பின்னாடி இருக்கறவங்கள இப்படித்தானே பாத்தேன்" என்றார் மாமனார். "இதுல யாரு பொய் சொன்னாலும் தெரியும்."

"அப்ப நான் மாட்டினேன்" என்று முணுமுணுத்தான் கணவன்.

"நீ எப்பவோ மாட்டியாச்சுடா."

படங்கள் குறுக்குச் சுவரின் ஜன்னலைச் சுற்றி இடம் பிடித்தன. யானை கொஞ்சம் கோணலாகத் தொங்கியது; யாரும் நிமிர்த்தவில்லை. தச்சருக்கு ஆள் அனுப்பிப் புது மேஜை வேண்டாமென்று சொல்லியாயிற்று.

அன்று மதியம் மாஸ்டர் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு வந்தபோது, மாமனார் எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். தட்டு எதிரே இருந்தது, கை வைக்கவில்லை. அவள் கடைசியாக வந்து உட்காரும் வரை கண்ணாடியில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனார்.

"எல்லாரும் ஏறியாச்சா?" என்றார்.

ஏறியாச்சு மாமா என்று சொல்ல வாயைத் திறந்தாள்.  உதடு மட்டும் அசைந்தது, குரல் வரவில்லை.

அவர் கண்ணாடியில் அதைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, முதல் கவளத்தை எடுத்தார்.