அக்காவுக்காக எழுபது வளைவுகள்

முதல் சைக்கிள் செம்மேட்டுக்குள் நுழைந்தபோது தேன்மொழி சாமைப் பொங்கல் அண்டாவுக்குப் பக்கத்தில் கரண்டியோடு நின்றிருந்தாள். 2003 பிப்ரவரி, ஞாயிற்றுக்கிழமை. புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டுவதற்காக நாமக்கல்லில் ஒரு சங்கத்தார் சைக்கிள் பயணம் ஏற்பாடு செய்திருந்தார்கள். விடியற்காலை நாமக்கல்லில் கிளம்பி, காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் மிதித்து ஏறி, மலைமேல் செம்மேட்டில் முடிக்க வேண்டும். வந்து சேருகிறவர்களுக்குச் சாப்பாடு போட மலைப் பள்ளிக்கூடங்களின் சத்துணவுக்காரர்களைக் கூப்பிட்டிருந்தார்கள். திண்ணனூர் நாட்டுப் பள்ளியில் சமைக்கிற தேன்மொழி, பக்கத்து வீட்டுப் பொன்னாயியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

வந்தவர்கள் ஒவ்வொருவரின் நெஞ்சிலும் ஓர் அட்டை. யாருக்காகச் சைக்கிள் மிதிக்கிறாரோ அவர் பெயரை அதில் எழுதிக்கொள்ளும்படி சங்கத்தார் சொல்லியிருந்தார்களாம். ‘அப்பாவுக்காக’ என்று ஒருவர். ‘என் ஆசிரியருக்காக’ என்று இன்னொருவர். தேன்மொழி அதையெல்லாம் படித்துவிட்டு, பாவம் என்று கூட ஒரு கரண்டி பொங்கல் வைத்தாள்.

தன் தம்பி முரளியும் வருகிறான் என்பது அவளுக்குத் தெரியும். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் எழுத்து வேலை செய்கிறவன் அவன். லாரி நெற்றியில் சாமி பெயரும் முதலாளி மகள் பெயரும் அவன் கையால் எழுதினால் அரை மைலுக்கு அப்பாலிருந்தும் படிக்கலாம் என்பார்கள். அவனுக்கு அந்தச் சின்ன அட்டை போதவில்லை. சைக்கிள் ஹேண்டில்பாரின் முன்னால் ஒரு தகரப் பலகையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றான். மஞ்சள் எழுத்து, ஒவ்வொரு எழுத்துக்கும் சிவப்பில் நிழல்.

‘புற்றுநோயை வென்ற அக்கா தேன்மொழிக்காக. சத்துணவு சமையலர், திண்ணனூர் நாடு, கொல்லிமலை.’

அதைப் படித்ததும் தேன்மொழி கரண்டியை அண்டாவிலேயே விட்டுவிட்டாள்.

ஒன்றரை வருடத்துக்கு முன்னால் கீழே ஆஸ்பத்திரியில் அவளுடைய இடது மார்பை எடுத்தார்கள். ஊரில் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று சொல்லிவைத்தாள். உண்மை தெரிந்தவர்கள் அவள் வீட்டுக்காரர் சின்னுசாமியும் முரளியும் மட்டும்தான். வெட்கத்துக்காக அவள் மறைக்கவில்லை. அவள் சமைக்கிறவள். அந்த நோவு இருக்கிறவள் கைச்சோற்றைப் பிள்ளைகள் தின்ன இந்த ஊர் விடாது என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். அந்த வேலைச் சம்பளத்தில்தான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போய்வந்துகொண்டிருந்தாள்.

பக்கத்தில் நின்ற பொன்னாயி பலகையை ஒருமுறை படித்தாள். மறுபடி படித்தாள். பிறகு கையிலிருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் சேலையில் துடைத்துக்கொண்டு தள்ளி நின்றாள்.

இதற்குள் மைக்கைப் பிடித்திருந்தவர் அந்தப் பெயரைப் படித்து, அந்த அம்மா இங்கேதான் இருக்கிறாராம், மேடைக்கு வரவேண்டும், பொன்னாடை போர்த்துகிறோம், எல்லாரும் கைதட்டுங்கள் என்றார். சைக்கிளில் வந்த முப்பது பேரும் கைதட்டினார்கள். ஊர்க்காரர்கள் தட்டவில்லை. தேன்மொழி மேடைக்குப் போகவில்லை. தம்பியின் சட்டையைப் பிடித்து பஸ் நிற்கிற இடத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

அவனுக்கு மூச்சு இன்னும் அடங்கவில்லை. தொடை இரண்டும் நடுங்கின. முகத்தில் மட்டும் திருவிழாவுக்கு வந்தவன் சிரிப்பு.

“அக்கா, ஒரு வளைவுல கூட எறங்கித் தள்ளல. எழுவதும் மிதிச்சேதான் ஏறுனேன். கால் நின்னுபோறப்பல்லாம் உம்பேரத்தான் பாத்தேன்.”

“நீ எனக்காவ மிதிச்சியா, இல்ல என்னைய ஊர்வலம் உட்டியா? நாமக்கல்லு, சேந்தமங்கலம், காளப்பநாய்க்கன்பட்டி. ஒரு டீக்கடையாவது பாக்கி வெச்சியாடா?”

அவன் சிரிப்பு நின்றது.

“பேரத்தான் எழுதுன. ஊரு பேரும் வேலையும் எதுக்குடா எழுதுன?”

“பேரு எழுதுனா ஊரும் எழுதோணும்க்கா. லாரிக்கெல்லாம் அப்பிடித்தான எழுதறோம்.”

“நான் என்ன லாரியாடா?”

முரளி தலையைக் குனிந்துகொண்டான். அவள் அந்தப் பலகையை உடனே அழிக்கச் சொன்னாள். அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

“பொய்யா எழுதியிருந்தா இந்நேரம் மண்ணெண்ண ஊத்தித் தொடச்சிருப்பேன். இத அழிக்க மாட்டேன். நீ பொழச்சு வந்ததுல எனக்கென்னக்கா வெக்கம்?”

“அப்ப எம்மூஞ்சில முழிக்காத. போயிரு.”

அவன் போய்விட்டான். கடைசி பஸ்ஸின் மேல் சைக்கிளை ஏற்றிக் கட்டிவிட்டு, பலகையைத் துண்டால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

திங்கட்கிழமை ஐம்பத்தெட்டுப் பிள்ளைகளில் ஒன்பது பேர்தான் தட்டோடு உட்கார்ந்தார்கள். செவ்வாய்க்கிழமை மூன்று பேர். மற்ற பிள்ளைகள் தூக்குப்போசியில் கஞ்சி கொண்டுவந்து மரத்தடியில் குடித்தார்கள். கொண்டுவர வழியில்லாத வீட்டுப் பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அதைப் பார்க்கத்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை. ஒட்டுகிற நோவு இல்லை என்று டாக்டர் சொன்னதை இந்த ஊரில் எந்தக் கதவைத் தட்டிச் சொல்வது?

தட்டினாலும் திறக்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். சில வருடங்களுக்கு முன் மேலத்தெருப் பாப்பாயிக்கு இதே நோவு வந்தபோது, பார்க்கப்போன தேன்மொழி, அவள் கொடுத்த காப்பியை வாங்கிக்கொண்டு வந்து வேலியோரத்தில் ஊற்றியிருந்தாள். பாப்பாயி அதைப் பார்த்தாளோ இல்லையோ. இப்போது கேட்க அவள் உயிரோடு இல்லை. அதை நினைக்க நினைக்க ஊர்மேல் இருந்த கோபம் இன்னும் கொதித்தது. தன்மேல் பாய வேண்டிய கோபத்தையும் சேர்த்து ஊர்மேல் பாய்ச்சினாள்.

தலைமையாசிரியர் சசிதரன் முள்ளுக்குறிச்சிக்காரர். கெட்டவர் இல்லை, பயந்தவர். ஒரு வெள்ளைக் காகிதத்தை மேசைமேல் நகர்த்தி, இரண்டு மாதம் மருத்துவ விடுப்பு எழுதிக்கொடுத்தால் ஊர் வாய் தானாக அடங்கிவிடும் என்றார். அவளுடைய நல்லதுக்குத்தான் சொல்வதாகவும் சொன்னார்.

“எனக்கு ஒடம்பு நல்லாருக்குதுங்க சார். ஊருக்குத்தான் சரியில்ல. ஊரை லீவு எழுதித் தரச் சொல்லுங்க.”

அவர் அவளையே பார்த்தார். பிறகு காகிதத்தை எடுத்து மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார். மறுபடி அதைப்பற்றி அவர் பேசவில்லை. அந்தச் சிறிய தயவும் அன்று அவள் கண்ணில் படவில்லை.

புதன்கிழமையும் ஐம்பத்தெட்டுப் பேருக்கு உலை வைத்தாள். குறைத்துப் போடேன், மாட்டுக்குத்தானே போகிறது என்று சின்னுசாமி சொன்னதற்கு, பிள்ளைகளுக்கு அளந்து கொடுத்த அரிசியைக் குறைக்கத் தான் யார் என்று அவர்மேலும் எரிந்து விழுந்தாள். சாயங்காலம் அறப்பளீஸ்வரருக்கு விளக்குப் போட்டபோது நோவு திரும்பி வரக்கூடாது என்று எப்போதும் கேட்கிறதை அவள் கேட்கவில்லை. ‘எதுக்கு என்னையப் பொழைக்க வெச்ச?’ என்று மட்டும் கேட்டாள்.

வியாழக்கிழமை முட்டை போடுகிற நாள். வாரத்துக்கு ஒன்று.

மணி அடித்ததும் வரிசை வந்து நின்றது. தேன்மொழிக்கு நெஞ்சு ஒரு நொடி குளிர்ந்தது. ஆனால் ஒரு பிள்ளையின் கையிலும் தட்டு இல்லை. எல்லாம் வெறுங்கையை நீட்டின.

பொன்னாயியின் மகள் ராதிகாதான் முதலில் நின்றாள், இரண்டாம் வகுப்பு. “அத்தை, முட்ட மட்டும் வாங்கச் சொன்னாங்க. ஓட்டோட வாங்கி நாங்களே உரிச்சுக்கோணுமாம்.”

ஓட்டுக்குள் நோவு போகாதாம். ஊர்த் தாய்மார்கள் கூடி யோசித்திருக்கிறார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் அவர்களில் நாலைந்து பேர், சொன்னபடி நடக்கிறதா என்று பார்க்க நின்றிருந்தார்கள். பொன்னாயியும் நின்றாள்.

தேன்மொழியின் கை முட்டைக் கூடையை இறுக்கிப் பிடித்தது. சோறு வாங்காதவருக்கு முட்டை கிடையாது என்று சொல்ல அவளுக்கு ஒரு வாய் போதும். சட்டமும் அவள் பக்கம் பேசும். வேலியோரத்து முகங்கள் வாடுவதை ஒருமுறை பார்த்தால் நாலு நாள் எரிச்சல் அடங்கும். வார்த்தை நாக்கு நுனிவரைக்கும் வந்தது.

ராதிகா நீட்டிய கையை மடக்கவில்லை. திங்கட்கிழமையிலிருந்து மத்தியானம் சும்மா உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் அவளும் ஒருத்தி. பசித்த பிள்ளையிடம் கோபத்தைக் காட்டினால் சாமி கேட்கும் என்று தேன்மொழி நம்பினாள். யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம், பிள்ளையிடம் கூடாது. கூடையிலிருந்து நல்ல பெரிய முட்டையாகப் பார்த்து எடுத்து அந்தக் கையில் வைத்தாள். அடுத்த கை. அதற்கடுத்த கை. பல்லைக் கடித்துக்கொண்டு அத்தனை பேருக்கும் கொடுத்தாள்.

பிள்ளைகள் சுவரில் தட்டி உரித்தன. ராதிகா அவசரக்காரி. முழு முட்டையையும் வாய்க்குள் திணித்துக்கொண்டாள். மாவாக இருந்த மஞ்சள்கரு தொண்டையில் அடைத்தது. கண் பிதுங்கியது, சத்தம் வரவில்லை. தேன்மொழி கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். பிள்ளையைக் குனியவைத்து முதுகில் ஓங்கித் தட்டினாள். அடைத்தது வெளியே விழுந்தது. இருமி மூச்சு வாங்கியதும், தான் குடிக்கிற சொம்பிலிருந்தே தண்ணீரைப் புகட்டினாள்.

ராதிகா கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் பார்த்தாள்.

“வெறும் முட்ட எறங்க மாட்டேங்குது, அத்தை. கொஞ்சம் சோறு போடறீங்களா?”

தட்டு கொண்டுவராத பிள்ளை. தேன்மொழி தன் தட்டிலேயே சாம்பார் சோற்றைப் போட்டு நீட்டினாள். அது சம்மணம் போட்டு உட்கார்ந்து தின்ன ஆரம்பித்தது. பொன்னாயி வேலியைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தாள். தட்டைப் பிடுங்கத்தான் வருகிறாள் என்று தேன்மொழி, நாலு நாளாகச் சேர்த்துவைத்திருந்த அத்தனை வசவையும் வாயில் திரட்டிக்கொண்டு நின்றாள்.

பொன்னாயி மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதன் முதுகைத் தடவிக்கொண்டே மெதுவாகத் தின்னச் சொன்னாள். பிறகு நிமிராமலே கேட்டாள்.

“எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல, தேனு?”

“சொல்லியிருந்தா முட்டையாவது வாங்க உட்டிருப்பியா?”

பொன்னாயி கையை நீட்டினாள். தட்டின் ஓரத்திலிருந்து ஒரு வாய்ச் சோற்றை எடுத்து எல்லோரும் பார்க்கத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். தேன்மொழி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு மனம் இளகவில்லை. தம்பிமேல் இருந்த கோபமும் அப்படியேதான் இருந்தது.

சுவரோரத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் ஒன்றையொன்று பார்த்தன. ஒன்று எழுந்தது. பிறகு எல்லாமாகத் தட்டு எடுத்துவர வீடுகளைப் பார்த்து ஓடின. வேலியோரத்தில் யாரும் தடுக்கவில்லை.

“ஓடாதீங்க, கல்லுல உழுந்து தொலைப்பீங்க” என்று தேன்மொழி கோபம் குறையாத குரலில் அவர்கள் பின்னால் கத்தினாள். “சோறு எங்கயும் போயிராது.”