சாக்கு மாடு

“அத்தா, மாடு செத்துப்போச்சே, அது தின்ன பை மட்டும் ஏன் சாகல?”

ஆறு வயது ஆமினா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வராததுமாகத் தன் அப்பா பஷீர் அகமதுவிடம் இப்படிக் கேட்டாள். சூசையம்மாளின் செவலைப் பசு வயிறு உப்பிச் செத்துவிட்டது. மாட்டாஸ்பத்திரி டாக்டர் அறுத்துப் பார்த்தபோது உள்ளேயிருந்து பாலித்தீன் பைகள் சுருள் சுருளாக வந்தன. ஒன்றுகூட மக்கவில்லை. அவற்றின் சிவப்புக் கோடுகூட அழியவில்லை.

சிவப்புக் கோடு போட்ட பை என்றால், மலையூரான பண்ணைக்காட்டில் பஷீரின் மளிகைக் கடைப் பைதான். அதுவரை தாளில் மடித்து வாழைநாரால் கட்டிக் கொடுத்தவர், மழையில் பொட்டலம் ஊறுகிறது என்று ஜனங்கள் சலித்துக்கொண்டதால், எண்பத்தைந்தில் மதுரையிலிருந்து பை வரவழைத்தார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பசுவின் பாலைக் குடித்துத்தான் ஆமினா பிழைத்தாள். பிரசவத்துக்குப் பின் அவர் மனைவி அமீருன்னிசா மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில், சூசையம்மாள் தினமும் வெள்ளனே செம்புப் பாலோடு வாசலில் நிற்பாள். காசு நீட்டினால் கோபம் வரும்.

“பச்சப்புள்ள பாலுக்குக் காசு வாங்குறதாங்க? மாதா என்னைய சும்மா விடுவாளா?”

இப்போது அவள் தெருவில் வருவது தெரிந்தாலே பஷீர் கல்லாவை விட்டு எழுந்து உள்ளே போய்விடுவார். என்ன சொல்லி அவள் முகத்தில் விழிப்பது?

அந்த வருட மாதா கோயில் திருவிழாவில், குளிருக்குப் பயந்து பொழுது சாயும் முன்பே நாடகத்தைத் தொடங்கிவிட்டார்கள். பபூன் வேஷம் வழக்கம்போல ஜீப் டிரைவர் உபகாரம் என்பவனுக்கு. பபூன் யாரைக் கிண்டல் செய்தாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது. கிண்டலுக்கு ஆளானவர் அன்பளிப்பு தர வேண்டும். அதை மைக்கில் பேரோடு சொல்வார்கள். இது ஊர் வழக்கம். பஷீர் வருடம் தவறாமல் கொடுப்பவர், முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

உபகாரம் உடம்பெல்லாம் சாக்கைச் சுற்றி, தலையில் கொம்பு கட்டி, நாலு காலில் மேடையேறினான். சூசையம்மாளின் பசுவைப் புதைக்கக் குழி வெட்டியவன் அவன். மாடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு புரண்டது. வைத்தியர் வேஷக்காரர் அதன் வாய்க்குள் கைவிட்டு ஒரு பையை உருவினார்.

“இது எதுக்கு வாங்குன பை?”

“ஒத்த எலுமிச்சம்பழத்துக்குங்க!”

“இது?”

“ஒரு கட்டுப் பீடிக்குங்க! பீடிக்கும் சட்டை போடாட்டி குளுரும்ல!”

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. பை வந்துகொண்டே இருந்தது. எல்லாவற்றிலும் சிவப்புக் கோடு. சிரிப்பு மெல்ல அடங்கி, தலைகள் முன்வரிசைப் பக்கம் திரும்பின.

“எந்திரிங்க பாய், போவோம். ஊர் முன்னாடி மானத்த வாங்குறானுக” என்றார் பக்கத்தில் இருந்த எண்ணெய்க்கடைக்காரர்.

பஷீர் எழுந்தார். பெண்கள் பக்கம் கண் போனது. சூசையம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாளா, சிரிக்கிறாளா? கண்ணீர் வழிய வழியச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் மடியில் சாய்ந்து ஆமினாவும் சிரித்தாள். பஷீரின் நெஞ்சில் ஏதோ இளகியது. வெளியே போகத் திரும்பிய கால் மேடைப் படியில் ஏறியது.

பஷீர் மாட்டின் வாயில் கைவிட்டு, மிச்சமிருந்த ஒரு பையை உருவி உயர்த்திப் பிடித்தார்.

“இது ஏங் கடைப் பைதான். நாளையிலருந்து பை கெடையாது. தாளும் வாழைநாரும்தான். வீட்டுலருந்து துணிப்பை கொண்டாங்க, இல்லாட்டி முந்தானைய விரிங்க. இதான் என் அன்பளிப்பு.”

“எனக்கு முந்தானை இல்லையே மொதலாளி!” என்றது மாடு.

“நீதான் சாக்கையே உடுத்திட்டு வந்திருக்கியே, அப்புறமென்ன!”

கைதட்டலில் மேடைப் பலகை அதிர்ந்தது. அன்றைக்குப் பபூனையே மடக்கிய ஆள் என்று பஷீருக்குப் பேர் வந்தது.

மறுநாள் காலை கடைமுன் துணிப்பையும் தூக்குவாளியும் ஓலைப்பெட்டியுமாக ஒரே கூட்டம். எண்ணெய்க்கடைக்காரரும் ஒரு வாரம் முறைத்துப் பார்த்துவிட்டுத் தாளுக்குத் திரும்பினார். ஆடலூரிலிருந்தும் வடகவுஞ்சியிலிருந்தும் சாக்கு மாட்டுக்கு அழைப்பு வந்தது. போன இடமெல்லாம் சிரித்த சனம், வீட்டுக்குப் போய்ப் பழைய பைகளைப் பொறுக்கிக் கட்டி வைத்தது. திட்டியிருந்தால் கேட்டிருப்பார்களா? சிரிக்க வைத்தவனிடம் மனிதன் மனத்தைத் தானே திறந்து கொடுக்கிறான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, தொழுகை முடித்த பஷீர் நேரே தன் மிளகுத் தோட்டத்துக்கு நடந்தார். ஆடலூரிலிருந்து வரவழைத்த சினைக் கிடேரி அங்கே நின்றது. அதைப் பிடித்துக்கொண்டு பின்வழியாகச் சூசையம்மாள் வீட்டுக்குப் போனார். தெருவே பூசைக்குப் போயிருந்தது. காலியாகக் கிடந்த தொழுவத்தில் அதைத் தேங்காய்நார்க் கயிற்றால் கட்டி, ஒரு கட்டுப் புல்லையும் போட்டார்.

திரும்பி நாலடி வைத்ததும் கிடேரி “அம்மா” என்று குரல் கொடுத்தது. பஷீர் பதறி ஓடிவந்து அதன் நெற்றியைத் தடவினார்.

“ஏ புள்ள, சத்தம் போடாத. மைக்கு ஒண்ணும் வேணாம்.”

பூசை முடிந்து மணி அடித்தது. அவர் வேலியைத் தாண்டி வெரசாகக் கடையைத் திறக்கப் போனார்.