வண்டி நாளில் விட்ட மாத்திரை

ஒரு நாள்தானே. மாதத்தில் ஒரே ஒரு நாள். மிளகளவு மாத்திரை ஒன்றை விட்டால் உலகம் கவிழ்ந்துவிடுமா? நேற்றும்தான் விட்டாய். அது பயணத்துக்கு முன்னேற்பாடு. முன்னேற்பாட்டில் என்ன தப்பு?

இப்படித் தானே வாதாடித் தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டு, மருத்துவ வண்டியின் பின் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள் தையல்காரி. மடியில் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி. முன்னால் டிரைவர் பக்கத்தில் டாக்டர், அவளுடைய நாத்தனார். மூன்று மணி நேரப் பாதை. அந்த மாத்திரையோ உடம்பிலுள்ள நீரை விரட்டுகிற ரகம். போட்டால் மணிக்கு ஒரு தரம் எழுந்து போக வேண்டும். டிரைவருக்கு எந்தப் புதரும் சம்மதம். அவள் எங்கே போவாள்? நேற்று சாயங்காலத்திலிருந்து தண்ணீரைக்கூடத் தொடவில்லை.

"அண்ணி, தூங்கிட்டீங்களா?" என்றாள் டாக்டர்.

"இல்லை, யோசிச்சிட்டிருக்கேன்."

"தைக்கிறவங்களுக்கு என்ன யோசனை? நேரா தைக்கணும், அவ்வளவுதானே," என்றார் டிரைவர்.

"நீங்க மொதல்ல வண்டியை நேரா ஓட்டுங்கண்ணே. அப்புறம் என் தையலைப் பார்க்கலாம்."

ஒன்றரை வருடமாக மாதம் ஒரு நாள், முகாமில் அழுத்தம் பார்த்துக் கொடுக்க வருகிறாள். கடையிலும் நாள் முழுக்கக் கைகளைத்தான் அளக்கிறாள். ஆனால் அங்கே வருகிறவர்கள் கண்ணாடியைப் பார்த்தபடி கையை விறைப்பாக நீட்டுவார்கள். முகாம் நடக்கிற ஊரில் கையை முழுதாக அவளிடம் விட்டுவிட்டு உட்காருகிறார்கள். அந்தக் கனம் அவளுக்குப் பிடித்திருந்தது. இது சேவையா சுயநலமா என்று பல தடவை தன்னைக் கேட்டுப் பார்த்திருக்கிறாள். ராத்திரிக்கு என்ன சமையல் என்று யாரும் கேட்காத ஒரே நாள் இது என்பதும் அந்தப் பதிலில் சேர்த்திதான். தன் அழுத்தம் எகிறிக்கிடப்பது தெரிந்தால் நாத்தனார் இந்த இருக்கையைப் பிடுங்கிவிடுவாள். பயமெல்லாம் அது ஒன்றுதான்.

பால் சேகரிக்கும் தகரக் கொட்டகையில் முகாம். வண்டி வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே பெண்கள் வரிசை கட்டியிருந்தார்கள். தையல்காரி பட்டையைச் சுற்றிக் காற்றடித்து, எண்ணை அட்டையில் எழுதிக்கொண்டே வந்தாள். நூற்று அறுபது. நூற்று அறுபத்தெட்டு. நூற்று எழுபத்திரண்டு.

அட்டைகளைப் பார்த்து டாக்டர் உதட்டைக் கடித்தாள். "மாசா மாசம் மாத்திரையைக் கூட்டுறேன். அழுத்தமும் கூடவே கூடுது. என்ன ஊர்டா இது."

ஐந்தாவதாக ஸ்பீக்கர் அக்கா. மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு அவள் பேசினாலே அடுத்த தெருவுக்குக் கேட்கும். அவளுக்கு நூற்று எழுபத்தெட்டு.

"உன் மெஷினுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு," என்றாள். "எல்லாருக்குமா ஏறும்? உன் கையில கட்டிக் காட்டு, நம்புறேன்."

"வேணும்னா டிரைவர் அண்ணன் கையில கட்டுறேன்."

"அந்த ஆளுக்கு ரத்தம் இருக்கா, டீசல் ஓடுதான்னே தெரியாது. உன் கையைத்தான் கேட்டேன்."

வரிசை முழுக்கச் சிரித்தது. "கட்டும்மா, கட்டு," என்று பின்னாலிருந்து குரல்கள். மறுத்தால் கருவி பொய் என்றாகிவிடும்; இன்று எழுதிய எல்லாமே பொய்யாகும். ஒரு நொடி, நாத்தனார் மருந்துப் பெட்டிக்குள் தலையை விட்டிருந்ததைப் பார்த்தாள். சட்டென்று கட்டிக்கொண்டாள்.

"நூத்தி எண்பத்தி நாலு," என்று ஸ்பீக்கர் அக்கா ஊருக்கே வாசித்தாள்.

மருந்துப் பெட்டி மூடப்பட்ட சத்தம் கேட்டது.

அதற்குள் வரிசை கலைந்து அவளைச் சுற்றிக்கொண்டது. மாதந்தோறும் அவள் சொன்னதெல்லாம் வட்டியில்லாமல் திரும்பி வந்தது. உப்பைக் குறை. நேரத்துக்குத் தூங்கு. கோபப்படாதே. "புருஷனை நினைச்சு மனசைப் போட்டு உழப்பிக்காத," என்றாள் ஒருத்தி. "அது ஒரு எலுமிச்சம்பழத்துக்குப் பெறுமா?"

டாக்டர் வந்து நின்றாள். "அண்ணி, காலையில மாத்திரை போட்டீங்களா?"

போட்டேன் என்று சொல்லிவிடலாம். ஒரே சொல். ஆனால் இத்தனை கைகளைத் தொட்டுவிட்டு அந்தச் சொல் வரவில்லை.

"இல்லை."

"ஏன்?"

இவ்வளவு சின்னக் காரணத்துக்கா இத்தனை வெட்கம் என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "வழியில எங்கேம்மா போறது?"

ஸ்பீக்கர் அக்கா முதல் தடவையாக நிஜமாகவே குரலைத் தாழ்த்தினாள். "அட, நீயுமா?"

"நீயுமான்னா?" என்றாள் டாக்டர்.

"வண்டி வர்ற அன்னைக்கு நாங்க யாரும் போடுறதில்லையே. விடிஞ்சதுலேருந்து வரிசையில நிக்கணும். இங்க இருக்கிற ஒரே கக்கூஸையும் பால்காரர் பூட்டி வச்சிருக்காரு. பொட்டலத்துல ரெண்டு மாத்திரை, எது ஒண்ணுக்குப் போக வைக்கிற மாத்திரைன்னு யாருக்குத் தெரியும்? முந்தின நாள்லேருந்தே ரெண்டையும் நிறுத்திடுவோம்."

"மத்த நாள்ல?"

"ஒழுங்காப் போடுறோம். அதுதான் இப்பல்லாம் தலை கிறுகிறுன்னு வருது."

டாக்டர் அட்டைகளைப் புரட்டினாள். நல்லவேளையாக அவள் தன்மேல் கோபப்பட்டாலும் சத்தம் போடுகிறவள் இல்லை. "போடாத நாள்ல அளந்து பார்த்துட்டு, போடுற நாளுக்கு நான் கூட்டிக்கிட்டே போயிருக்கேன்," என்றாள் மெல்ல. பிறகு ஒவ்வொரு அட்டையாக எடுத்து, பழைய அளவைத் திரும்ப எழுதினாள். பத்து நாளில், மாத்திரை போட்ட நாளில், மறுபடி பார்க்க வருவதாகச் சொன்னாள்.

ஸ்பீக்கர் அக்கா இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு பால்காரரைத் தேடிப் போனாள். என்ன பேசினார்கள் என்பதைக் கொட்டகையில் இருந்த எல்லோரும் வார்த்தை விடாமல் கேட்டார்கள். ஐந்தாவது நிமிடம் சாவி வந்தது.

"அண்ணி," என்று டாக்டர் அவளைத் தனியே அழைத்து ஸ்டூலில் உட்கார வைத்தாள். மாத்திரையும் ஒரு டம்ளர் தண்ணீரும் கொடுத்தாள். அவள் மடமடவென்று முழுவதையும் குடித்தாள். "பத்து நாள்ல இங்க வரும்போது நீங்க வேண்டாம். நல்லாத்தான் சொல்றேன். அண்ணன் கேட்டா நான் என்ன பதில் சொல்றது? வீட்ல இருந்து உடம்பைப் பாருங்க. வரலைன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க, போதும்."

நாத்தனாரின் முகத்தில் அக்கறை இருந்தது. அதைப் பார்த்தபோது, காலையிலிருந்து தன்னை ஆட்டிய பயம் எங்கே என்று உள்ளே தேடினாள். இல்லை. ஒளிக்க இனி எதுவும் மிச்சமில்லாததால் இருக்கலாம்.

"தினமும் மாத்திரை போடுறேன். வழியில ரெண்டு இடத்துல நல்ல கக்கூஸா பார்த்து வண்டியை நிறுத்தச் சொல்லு," என்றாள். "ஆனா வரலைன்னு மட்டும் சொல்ல மாட்டேம்மா."