சொல்தா மெக்கானிக்

எழுபத்தெட்டாம் வருஷம் மழை விட்ட கையோடு கஸ்தோனின் பழைய அம்பாசிடர் புகை கக்க ஆரம்பித்தது. சாதாரணப் புகை இல்லை. பின்னால் சைக்கிளில் வருகிறவன் திட்டிக்கொண்டே இறங்கி நிற்கிற அளவுக்கு நீலப் புகை. பெட்ரோலுக்குப் போட்டியாக எஞ்சின் ஆயிலும் ஊற்ற வேண்டியிருந்தது. ஒருநாள் அரியாங்குப்பம் பாலத்துக்கிட்டே வண்டி மூச்சு வாங்கி நின்றே போனது.

அந்த வீட்டில் வண்டி இல்லாமல் வேலை ஆகாது. மனைவி லிலியானுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்திருந்தன. வைத்தியத்துக்குக் கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்வர வேண்டும். பஸ் படி ஏற அவளால் முடியாது. ஆகவே கஸ்தோன் தள்ளாத குறையாக வண்டியை ஓட்டிக்கொண்டு போய், உப்பளத்திலேயே இருந்த கோவிந்தராசுவின் ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தினார்.

கோவிந்தராசு பானெட்டைத் தூக்கினார். எஞ்சினை ஓடவிட்டுப் புகையை மோந்து பார்த்தார்.

"பிஸ்டன் ரிங்கெல்லாம் தேஞ்சிபோச்சி முசியே. எஞ்சினப் பிரிச்சாவணும். வுட்டுட்டுப் போனீங்கன்னா பண்ணித் தர்றேன்." கையைத் துடைத்துக்கொண்டே மேலும் சொன்னார்: "உங்களுக்குப் போயி நான் இன்னா சொல்றது. பிரெஞ்சுப் பட்டாளத்துல லாரி லாரியாப் பிரிச்சிப் போட்டவரு. நீங்க கை வச்சா என்னவிட நல்லா வரும்."

அதில் கிண்டல் இல்லை. கிண்டலாக இருந்திருந்தால் கஸ்தோன் தப்பித்திருப்பார். பதிலுக்கு நாலு வார்த்தை பேசிவிட்டு, வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். மனிதர் மரியாதையாகச் சொன்னதால் மாட்டிக்கொண்டார்.

"நானும் அதான் நெனச்சேன். வீட்டுலயே பிரிச்சிக்கிறேன். நீ ரிங்கு மட்டும் வாங்கி வை" என்றார்.

ஒரு விஷயத்தை இங்கேயே போட்டு உடைத்துவிடலாம். கஸ்தோன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தது நிஜம். அல்ஜீரியா போனது நிஜம். பென்ஷன் வருவதும் நிஜம். மெக்கானிக்காக இருந்தது மட்டும் பச்சைப் பொய். அவர் அங்கே குசினிக்காரர். ஒரு முகாமுக்கே ஆக்கிக் கொட்டியவர். குசினிக் கூடாரத்துக்கு அடுத்த கூடாரத்தில் லாரி பழுது பார்த்தார்கள். அங்கே பேசியதெல்லாம் காதில் விழுந்து விழுந்து கார்பரேட்டர், கியர்பாக்ஸ் என்று அவர் வாயும் சரளமாகப் பேசப் பழகியிருந்தது.

பொய் சொல்லவேண்டும் என்று அவர் கிளம்பிப் போகவில்லை. லீவில் வந்தபோது லிலியானைப் பெண் கேட்டுப் போனார். அவள் அப்பா தேவதாஸ், வேறு ஏதோ வரனைத் தட்டிக்கழித்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். "அடுப்பூதுறவனுக்குக் குடுக்கறதுக்கா பொண்ணப் பெத்து வச்சிருக்கேன்" என்று முடித்துவிட்டு, அதே மூச்சில் "தம்பிக்குப் பட்டாளத்துல இன்னா வேல?" என்று கேட்டார். கஸ்தோன் வாயில் மெக்கானிக் என்று வந்துவிட்டது. கதவோரம் நின்ற லிலியான் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு அப்புறம் எவன் உண்மை பேசுவான்?

ஒரு வார்த்தைக்கு ஆயுசு முழுக்கக் காவல் காக்க வேண்டியதாயிற்று. ஓய்வு பெற்று வந்து உப்பளத்தில் வீடு கட்டியதும் தெருவே அவரைச் சொல்தா மெக்கானிக் என்றது. மின்விசிறியையும் தண்ணீர் மோட்டாரையும் தூக்கிக்கொண்டு வந்தவர்களிடம், ஸ்பானரெல்லாம் பிரான்சிலேயே தங்கிவிட்டது என்று சொல்லி அனுப்பினார். அதைவிட முக்கியமாக, சமையலறைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. கையில் கத்தி வந்தால் கை தானாக வேலை செய்து காட்டிக்கொடுத்துவிடும் என்று பயம். காப்பிக்குத் தண்ணீர்கூட வைக்க மாட்டார். ஆம்பளை அடுப்படிக்குப் போவதில்லை என்று ஒரு கொள்கையே வைத்திருப்பதுபோல் காட்டிக்கொண்டார். தெரு என்ன நினைத்தாலும் தாங்கிக்கொள்வார். பொய் சொல்லித்தான் என்னைக் கட்டினானா என்று லிலியான் ஒருநாள் பார்க்கப்போகிற பார்வை, அதை மட்டும் அவரால் தாங்க முடியாது.

வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்காமல் வீட்டுக்கே திரும்பி வந்ததும் லிலியான் கேட்டாள்:

"கோவிந்தராசுகிட்டயே வுட்டுட்டு வந்திருக்கலாமே."

"ஏன், எம்மேல நம்பிக்க இல்லியா?"

"நம்பிக்கைக்கு இன்னா. குனிஞ்சி நிமிந்து பண்ற வேல. இடுப்பு புடிச்சிக்கிச்சின்னு சொன்னா யாரு இன்னா கேக்கப் போறாங்க."

"என் இடுப்பு நல்லாத்தான் இருக்குது."

"கண்ணு சரியாத் தெரியலன்னு சொல்லுங்க."

"கண்ணும் தெரியுது."

லிலியான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து, குழம்பு கொதிக்கிறது என்று உள்ளே போனாள்.

மறுநாள் காலை வேலை ஆரம்பமானது. வண்டியோடு வந்த இங்கிலீஷ் கையேட்டில் படங்கள் இருந்தன. ஸ்பானர்களைக் கோவிந்தராசுவிடமே இரவல் வாங்கினார். சும்மா சொல்லக்கூடாது, மனிதர் அழகாகப் பிரித்தார். முற்றத்தில் பழைய படுக்கைவிரிப்பை விரித்து, கழற்றிய நட்டையும் போல்ட்டையும் வகைவகையாகக் கிண்ணங்களில் போட்டு வைத்தார். பெரிய விருந்துக்கு முன்னால் பூண்டு ஒரு பக்கம், இஞ்சி ஒரு பக்கம் என்று எடுத்து வைப்பதுபோல இருந்தது. தெருவில் போனவர்கள் நின்று பார்த்துவிட்டு, பட்டாளத்து வேலை என்றால் பட்டாளத்து வேலைதான் என்று மெச்சிக்கொண்டு போனார்கள். கஸ்தோனுக்கே லேசாக நம்பிக்கை வந்துவிட்டது. நாம் மெக்கானிக்தானோ என்னவோ என்றுகூடத் தோன்றியது.

பிஸ்டன்களும் வெளியே வந்தன. எண்ணெயும் கரியும் ஏறி, அடிப்பிடித்த பாத்திரம் மாதிரி கறுப்பாகக் கிடந்தன. அவற்றைப் பார்த்ததும் கஸ்தோனின் மனம் குளிர்ந்துபோனது. இத்தனை நாளில் முதல்முறையாக அவருக்குத் தெரிந்த வேலை ஒன்று எதிரே வந்திருந்தது. முகாமில் பெரிய இரும்பு அண்டாக்களில் கரி பிடித்தால் காஸ்டிக் சோடாவைக் கரைத்துக் கொதிக்கவிடுவார்கள். கரி தோல்தோலாக உரிந்து வரும். கடைக்குப் போய்ச் சோடா வாங்கிவந்தார். தகர டின்னில் தண்ணீர் கொதிக்கவைத்து, சோடாவைப் போட்டு, பிஸ்டன்களை ஒவ்வொன்றாக இறக்கினார். எஞ்சினுக்குள் இருப்பதெல்லாம் இரும்புதானே என்று எண்ணிவிட்டார். தூக்கும்போதே எடையைக் கவனித்திருக்கலாம். சந்தோஷத்தில் கவனிக்கவில்லை.

டின் சீறியது. நுரை பொங்கி வழிந்தது. அந்த நுரையைப் பார்த்த மாத்திரத்தில், பிஸ்டன் இரும்பு இல்லை, அலுமினியம் என்று அவருக்கு விளங்கிவிட்டது. முகாமில் புதிதாக வந்த பையன் ஒருவன் அலுமினியத் தட்டுகளைத் தெரியாமல் சோடாவில் போட்டு இப்படித்தான் பொங்கியது. அன்றைக்கு அவனை அடிக்கப் போனவர் கஸ்தோன்தான். இடுக்கியால் தூக்கிப் பார்த்தார். பிஸ்டனெல்லாம் கறுத்து, அரித்து, அம்மை வடுப்போலக் குழிவிழுந்திருந்தது. இனி அது எதற்கும் ஆகாது.

டின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். லிலியான் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். டின்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"லிலி, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். நான் பட்டாளத்துல..."

"குசினியில இருந்தீங்க. தெரியும்."

கஸ்தோன் இடுக்கியைக் கீழே வைத்தார்.

"நம்ம மரி-க்ளேர் பொறந்தப்ப லீவுல வந்தீங்களே. நான் தூங்கறேன்னு நெனச்சிக்கினு கோழிச்சாறு வச்சீங்க. படுத்துக்கினே பாத்தேன். வெங்காயத்த நீங்க பாக்கவே இல்ல, கத்தி மட்டும் ஓடுது. எந்த மெக்கானிக்கு அப்படி அரிவான்?"

"அப்பவே கேட்டிருக்கலாமே."

"நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேன். ரிட்டயராகி வந்தா அடுப்படிக்கு வருவாருன்னு இருந்தேன்." குரல் உடைந்தது. அழுகையா கோபமா என்று அவருக்குப் புரியவில்லை, இரண்டும்தான். "காரேஜுல வுடுங்கன்னு எத்தினி சாக்கு எடுத்துக் குடுத்தேன், ஒண்ணயாவது புடிச்சிக்கினீங்களா? ஊருக்கே ஆக்கிப் போட்ட கைய வச்சிக்கினு அதுக்கப்புறம் ஒரு நாள்கூட எனக்கு ஒரு வாய் கஞ்சி வச்சித் தரல. பொய் சொன்னீங்கன்னு எனக்குக் கோவமில்ல. இந்தக் காலு அந்த அடுப்பு முன்னால நின்னே போச்சி. அதுக்குத்தான் கோவம்."

கஸ்தோன் எத்தனையோ முறை இந்த நாளைக் கற்பனை செய்து பயந்திருக்கிறார். அதில் ஒருமுறைகூட அவள் முழங்கால் வரவில்லை. வெட்கத்தில் அவருக்குத் தலை நிமிரவில்லை.

எழுந்து, அரித்துப்போன பிஸ்டன்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு கோவிந்தராசுவிடம் போனார்.

கோவிந்தராசு ஒன்றை வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யாரு முசியே இத சோடாவுல போட்டது?"

"நான்தான். நான் மெக்கானிக்கு இல்ல கோவிந்தராசு. பட்டாளத்துல சோறாக்குனவன். வண்டிய இழுத்தாந்து நீயே பாரு."

ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்தவர்களுக்கும் அது கேட்டது. பொழுது சாய்வதற்குள் தெருவுக்குத் தெரிந்துவிடும் என்று கஸ்தோனுக்குத் தெரியும். தெரியட்டும் என்று நடந்தார்.

வீட்டில் லிலியான் ஒரு கையால் மேடையைப் பிடித்துக்கொண்டு மறுகையால் சோறு கிளறிக்கொண்டிருந்தாள். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். சமையலறைக்குள் போய், அவள் கையிலிருந்து கரண்டியை வாங்கப் போனார். அவள் தரவில்லை. இன்னும் கோபம் தீரவில்லை. அவரும் விடவில்லை. கடைசியில் அவளே விட்டாள்.

அவர் கூடத்திலிருந்து நாற்காலியைத் தூக்கிவந்து அடுப்புக்கு எதிரே போட்டார். லிலியான் உட்கார்ந்தாள். காலை மெல்ல நீட்டிக்கொண்டு, வெங்காயக் கூடையை அவர் பக்கம் தள்ளினாள்.

"அரிங்க," என்றாள். "இப்ப முழிச்சிக்கினே பாக்கறேன்."