மேசைக்கடியில் பேசிய பேரம்

எங்கள் சேலைக் கடையில் ஒரு வசதி உண்டு. வாங்க வந்தவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே, விலையில் எதுவரை இறங்கலாம் என்று அண்ணனும் நானும் வீட்டுப் பேச்சான சௌராஷ்டிரத்தில் முடிவு பண்ணிவிடுவோம். வந்தவர், ஏதோ குடும்ப விஷயம் என்று காபியைக் குடித்துக்கொண்டிருப்பார்.

அந்த வசதியை நம்பித்தான் அன்று காலை என் மனைவி ஸ்ரீலட்சுமியின் மேசைக்கடியில் போய் உட்கார்ந்தேன்.

அவளுக்குச் சென்னைக் கம்பெனி ஒன்றில் வேலை, வீட்டிலிருந்தே. தற்காலிகமாகச் சேர்ந்தவளை நிரந்தரமாக்கும் நேரத்தில், புதிதாக வந்த மேலாளர் நிபந்தனை வைத்தார்: லேப்டாப்பைச் சுழற்றி வீடு முழுவதையும் காட்ட வேண்டும், வேலை நேரம் பூராவும் கேமரா ஓட வேண்டும். மதுரைச் செல்லூரில் எங்கள் வீடு முழுவதும் என்பது ஒரே கூடம். குறுக்கே கொடி கட்டித் தொங்கவிட்ட சேலைக்கு அந்தப் பக்கம், பிரசவத்துக்கு வந்த என் தங்கை ராதாமணி பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். காட்டினால் தங்கைக்குச் சங்கடம். மறுத்தால் ஸ்ரீலட்சுமிக்கு வேலை போய்விடும். முதல் நாள் முழுக்க அழுதாள். அழுத முகத்தோடு பேரத்துக்குப் போகாதே, கீழே நான் இருக்கிறேன் என்றேன்.

அழைப்பு வந்தது. திரையில் மேலாளர் முகம் மட்டும் தெளிவு, பின்னால் எல்லாம் மங்கல். அவள் தமிழில் பேச, நான் சௌராஷ்டிரத்தில் எடுத்துக்கொடுத்தேன். முதலில் எதுவும் தராதே. வற்புறுத்தினால் பின்சுவரைக் காட்டு. ரொம்ப முறுக்கினால் வாசல் கதவு வரை. வேலையே போகும்போல் இருந்தால் மட்டும், ராதாமணியை மாடிப்படிக்கு அனுப்பிவிட்டு ஒரே ஒரு சுற்று.

அவள் சுவரைக் காட்டியதும் மேலாளர் திரைக்குக் கிட்டே குனிந்தார். பிறகு, பரமக்குடிப் பக்கத்துச் சுத்தமான சௌராஷ்டிரத்தில், மேசைக்கடியில் இருப்பவர் கடைசி விலையை இவ்வளவு சீக்கிரம் அவிழ்க்கக் கூடாது என்றார்.

எழுந்ததில் தலை மேசையில் இடித்தது.

"சார், நீங்க நம்மாளா?" என்று தலையைத் தடவிக்கொண்டே திரைக்குள் நுழைந்தேன்.

"நம்மாளுன்னா தள்ளுபடி கேப்பீங்களே அண்ணே. ரூல் எல்லாருக்கும் ரூல்தான்."

ஸ்ரீலட்சுமி என்னை ஓரமாகத் தள்ளினாள்.

"எல்லாருக்கும்னா உங்களுக்கும்தானே சார்? அந்த மங்கலை எடுத்துட்டு ஒருக்கா சுத்திக் காட்டுங்க. அப்புறம் நானும் காட்டுறேன்."

மேலாளரின் கை மவுஸ் வரை போனது. திரும்பிப் பார்த்தார். மங்கலுக்குள் ஓர் உருவம் மெல்ல நடந்து போனது. கையை எடுத்துவிட்டார்.

"அம்மா இப்பத்தான் குளிச்சிட்டு வாராங்க," என்றார்.

"இங்க பச்சப்புள்ளக்காரி இருக்கா சார்."

பேரம் படியும் நேரம் எனக்குத் தெரியும். எதிராளி சரக்கைப் பார்ப்பதை விட்டுவிட்டு விற்பவர் முகத்தைப் பார்ப்பார். மேலாளர் அப்படிப் பார்த்தார். கூட்டம் நடக்கும்போது மட்டும் கேமரா, பின்னால் சுவர் இருந்தால் போதும் என்றார். எல்லோருக்குமே அப்படி மாற்றச் சொல்லி மேலிடத்துக்கு எழுதுவதாகவும், இவளுடைய நிரந்தர உத்தரவுக்குத் தானே பொறுப்பு என்றும் சொன்னார். மேலிடமும் பேரத்துக்கு வந்துதானே ஆகவேண்டும்.

அந்நேரம் பார்த்து, சேலைக்கு அந்தப் பக்கமிருந்து ராதாமணி, வெளியே வரலாமா என்று சௌராஷ்டிரத்தில் கேட்டாள். நான் வாயைத் திறக்குமுன் மேலாளரே அதே பேச்சில் பதில் சொன்னார்.

"இரும்மா, நான் கெளம்பிக்கிறேன். அப்புறம் வா."

திரை அணைந்தது.