மாஸ்டரின் கத்தரி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். தையல் கடையில் எல்லோருக்கும் தெரியும், துணி கொடுக்க வருபவர்களுக்கும் தெரியும். ஒருநாள் நான் கத்தாமல் இருந்துவிட்டால், பட்டன் வைத்துக் காஜா எடுக்கும் அக்கா வந்து உடம்பு சரியில்லையா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். ஆனால் என் தம்பி கத்தினால் மட்டும் யாரும் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதில்லை. வண்டியைத்தான் கூப்பிடுவார்கள்.

தம்பிதான் எங்கள் கடையின் கட்டிங் மாஸ்டர். அவன் அளவெடுத்து வெட்டித் தராவிட்டால் எத்தனை மிஷின் இருந்தும் ஓடாது. அவனுக்கு மனநோய். யாரும் பேசாதபோதும் காதில் குரல்கள் கேட்கும். போன முறை அது முற்றியபோது, அவன் நடுத்தெருவில் நின்று காதைப் பொத்திக்கொண்டு அலறினான். ஆஸ்பத்திரி ஆட்கள் வண்டியில் வந்தார்கள், துப்பட்டாவால் கையைக் கட்டினார்கள், மூட்டையைத் தூக்குவதுபோல் தூக்கிப் போட்டார்கள். கொண்டுபோன இடத்திலும் கட்டிலோடு கட்டித்தான் வைத்திருந்தார்கள். அவன் அதுவரை யார்மேலும் ஒரு விரல் வைத்தவனில்லை. அவன் வெட்டியதெல்லாம் துணியை மட்டும்தான்.

அங்கிருந்து சண்டை போட்டுக் கூட்டிவந்து வேறொரு மருத்துவமனையில் சேர்த்தேன். அங்கே இருந்த டாக்டரம்மா முதல்நாளே நாற்காலியை இழுத்து அவன் எதிரில் போட்டு உட்கார்ந்து, என்னை விட்டுவிட்டு அவனிடம் பேசினார். எனக்குச் சுருக்கென்றது. பிறகு யோசித்தபோது சந்தோஷமாகவும் இருந்தது. மெல்ல மெல்லத் தேறினான். வேலைக்குப் போகலாம், போனால் நல்லது என்று அந்த அம்மாவே சொல்லி அனுப்பினார்.

அவன் திரும்பி வந்த அன்று காலையில் கடை கோயில்போல அமைதியாக இருந்தது. அதிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். தம்பி வெட்டு மேஜையைத் துடைத்தான், துணியை விரித்தான், சாக்கட்டியால் கோடு போட்டான். பிறகு கையை நீட்டித் தடவினான். கத்தரி இல்லை. அடுத்த மேஜையிலும் இல்லை. சுற்றிப் பார்த்தால், மிஷினில் உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோரும் குனிந்து நூலைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார்கள். பல்செட் வைத்திருக்கும் காஜா அக்காவும் பாவம், கடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் இஸ்திரிப் பெட்டியை முறைத்துக்கொண்டு நின்றார். முகத்தில் ஈயாடவில்லை. கடையில் இருந்த பெரிய கத்தரி, சின்னக் கத்தரி, பிளேடு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுத் தன் பைக் பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறார் மனுஷன். தையல் கடையில் கத்தரியை ஒளித்து வைத்துவிட்டு வேலை நடக்கும் என்று நினைக்கிற புத்தி வேறு யாருக்கு வரும்? கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் தம்பி பேசிவிட்டான்.

"அக்கா, எல்லாரும் நூலைப் பல்லால கடிக்கிறீங்க. நான் பார்க்க மாட்டேன்னு நினைச்சீங்களா?"

என் வீட்டுக்காரர்தான் மெதுவாக, கொஞ்ச நாள் ஓய்வெடுக்கலாமே மாப்ள என்று ஆரம்பித்தார். டாக்டர் வேலைக்குப் போகச் சொன்னார், ஓய்வெடுக்கச் சொல்வது நீங்கள்தான் மாமா என்றான் தம்பி. அவன் குரல் உயரவில்லை. உயர்ந்தால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். அவன் வயதில் ஒருவன், தன் கடையில், தன் கத்தரியைக் கேட்கக்கூடச் சத்தத்தை அளந்து பேச வேண்டியிருக்கிறது.

சாவியை வாங்கி நானே போய்ப் பையை எடுத்துவந்தேன். பொய் சொல்லக் கூடாது, பெரிய கத்தரியை அவன் பக்கம் வைக்கும்போது எனக்கும் உள்ளே திக்கென்றுதான் இருந்தது. அவன் அதைக் கண்டுகொண்டான்.

"பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லு அக்கா, ஒளிக்காதே. காதுல சத்தம் அதிகமானா எனக்குத்தான் முதல்ல தெரியும். அன்னைக்கு நானே கத்தரியைக் கொண்டுவந்து உன் மேஜைல வச்சிடுறேன். அப்ப நீ வண்டியைக் கூப்பிடாதே. யாரும் என் கையைப் பிடிக்க வேண்டாம். நீ கூட வா, போதும். ஆஸ்பத்திரிக்கு நான் நடந்தே வருவேன். மத்த நாளெல்லாம் அது என் மேஜைலதான் இருக்கணும்."

நன்றாக இருக்கும்போதே, முடியாமல் போனால் தன்னை எப்படி நடத்த வேண்டும் என்று சொல்லிவைப்பது அவனுடைய உரிமை என்று டாக்டரம்மா சொல்லிக்கொடுத்தாராம். சரி என்றேன். கடையில் எல்லோருக்கும் கேட்கும்படி இன்னொரு தடவையும் சரி என்றேன். என் வீட்டுக்காரர் மட்டும் தலையை ஆட்டவுமில்லை, மறுக்கவுமில்லை.

அதன்பிறகு வேலை ஜரூராக நடந்தது. பள்ளிக்கூடம் திறக்கிற சமயம் வந்தது, சீருடைத் துணி தலைக்குமேல் குவிந்தது. தம்பி நன்றாகத்தான் வெட்டிக்கொண்டிருந்தான். இடையில் சரியாகத் தூங்கவில்லை என்று ஒருநாள் சொன்னான், மறுநாளும் சொன்னான். மாத்திரையைத் தவறாமல் போட்டுக்கொண்டுதான் இருந்தான்.

ஒரு மத்தியானம், நீலத் துணியைப் பாதி வெட்டியவன் அப்படியே நிறுத்தினான். உதடு அசைந்துகொண்டிருந்தது. கண் சுவரில் இருந்தது. மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. கத்தரியைக் கையில் பிடித்தபடியே என்னை நோக்கி நடந்து வந்தான். அவன் கத்தரியை என் மேஜையில் வைத்தான்.

"அக்கா, இன்னைக்கு."

அவ்வளவுதான் சொன்னான். அதற்குள் என் வீட்டுக்காரர் போனைக் காதில் வைத்துவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. போன முறை பட்ட பயம் அவரை விடவில்லை. ஆனால் அந்த வண்டி வந்தால் தம்பி இனி யாரையும் நம்ப மாட்டான், என்னையும் சேர்த்துத்தான்.

"போனை வைங்க," என்றேன். "அவன் சொன்ன மாதிரி கொண்டுவந்து வச்சுட்டான். நாம சொன்ன மாதிரி நாம நடக்க வேண்டாமா?"

அவர் போனை வைத்தார். நானும் தம்பியும் நடந்தோம். பெரிய சாலையைக் கடக்கிற இடத்தில் அவன் நின்றுவிட்டான். காதைப் பொத்திக்கொண்டான். பஸ் நிறுத்தத்தில் இருந்தவர்கள் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடலாமா என்று கை துறுதுறுத்தது. இழுத்தால் வந்துவிடுவான். ஆனால் அது நடந்து வந்ததாகாது. முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். பார்த்தவர்களை நான் பதிலுக்குப் பார்த்த பார்வையில் பாதிப் பேர் திரும்பிக்கொண்டார்கள். ரொம்ப நேரம் கழித்து அவனே, வா அக்கா என்றான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவனிடம் என்ன செய்கிறது என்று கேட்டதும் பழக்கதோஷத்தில் நான் வாயைத் திறந்தேன். அவர் என் பக்கம் திரும்பவேயில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். தம்பி திக்கித் திணறித் தானே சொன்னான். சில நாள் இங்கேயே இருக்கிறேன், கதவை மட்டும் வெளியே தாழ் போட வேண்டாம் என்றான். போட மாட்டோம் என்றார் அவர். போடவும் இல்லை. நான் போனபோதெல்லாம் பார்த்தேன்.

கடையில் பாதி வெட்டிய நீலத் துணியைப் பழைய வேட்டியால் மூடி வைத்தேன். வேறு மாஸ்டரை வைத்து முடித்துவிடலாம் என்றார்கள். மாஸ்டர் வருவார், அந்தத் துணி கிடக்கட்டும் என்றேன். சீருடை கேட்டு வந்து கத்தியவர்களிடம் நானும் கத்தினேன். அதற்கு நான் யாரிடமும் பயிற்சி எடுக்க வேண்டியதில்லை.

அவன் திரும்பி வந்தான். கொஞ்சம் இளைத்திருந்தான், கண் தெளிந்திருந்தது. வேட்டியை விலக்கினான். கத்தரியை முன்னாலேயே துணிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்திருந்தேன். எடுத்து ஒரு வெட்டு வெட்டினான். துணி வெட்டுப்படாமல் மடிந்து, அலகுக்குள் சிக்கிக்கொண்டது. கத்தரியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். பிறகு கடையே அதிரும்படி கத்தினான்.

"யாரு இதுல பேப்பர் வெட்டினது?"

மிஷின்கள் நின்றன. என் வீட்டுக்காரரின் கை போன் இருந்த சட்டைப்பைக்குப் போனது. பார்சல் கட்டும் அவசரத்தில் பேப்பர் வெட்டியது நான்தான். நான்தான் என்றேன். பிடித்துக்கொண்டான். துணிக் கத்தரியில் பேப்பர் வெட்டினால் கூர் மழுங்கும் என்று நேற்றுச் சேர்ந்த பெண்ணுக்குக்கூடத் தெரியும், முதலாளியம்மாவுக்குத் தெரியாதா, இதை வைத்துத் தக்காளிகூட நறுக்க முடியாது என்று எல்லோர் முன்னாலும் கிழி கிழியென்று கிழித்தான். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் யாரிடமும் திட்டு வாங்கியதில்லை. காஜா அக்கா எழுந்து வந்து அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"காய்ச்சல் இல்ல," என்றார். "மாஸ்டருக்குக் கோபம்தான்."

முதலில் சிரித்தது தம்பிதான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. என் வீட்டுக்காரர் சட்டைப்பையிலிருந்து கையை எடுத்தார், வெறும் கை. கத்தரியைக் கொடு மாப்ள, சாணை பிடித்துக்கொண்டு வருகிறேன் என்று வாங்கிப் போனார். அதே பைக்கில்தான் போனார். திரும்பி வந்தவர், பளபளவென்று இருந்த கத்தரியை முனையைத் தன் பக்கம் பிடித்துக்கொண்டு, கைப்பிடியைத் தம்பியின் பக்கம் நீட்டினார்.

தம்பி அதை வாங்கி, விட்ட இடத்திலிருந்து வெட்ட ஆரம்பித்தான்.