படகுத்துறையில் கண் வண்டி

பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் மஹ்தியா துறைமுகத்தின் மத்திப் படகுகள் கடலுக்குப் போவதில்லை. நிலா வெளிச்சத்தில் விளக்கைக் காட்டி மீனை ஏமாற்ற முடியாது. ஆட்கள் எல்லாம் காப்பிக் கடையில் சீட்டாடிக்கொண்டிருப்பார்கள். அது தெரிந்துதான் கண் ஆஸ்பத்திரி வண்டி அந்தச் சமயம் பார்த்து, கடைக்கு நேர் எதிரே வந்து நின்றது. வம்பே அங்கேதான்.

படகுத் தலைவன் ஜலூல், எல்லாருக்கும் ரயிஸ், அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. ரயிஸின் கண்ணை நம்பித்தான் ஆட்கள் படகேறுவார்கள். கண் வண்டியில் ஏறியவன் என்று பெயர் வந்தால் மறுநாளே வேறு படகுக்குத் தாவிவிடுவார்கள். அவன் அப்பாவின் கண் போனதும் ஆட்கள் அப்படித்தான் தாவினார்கள். கண் அழுத்த நோய் ஓரத்திலிருந்து பார்வையைத் தின்றுகொண்டே வந்தது மனுஷனுக்கே தெரியவில்லை. தெரிந்தபோது மிச்சம் ஒன்றுமில்லை.

அது ஜலூலுக்கும் வந்துவிடுமோ என்று அவன் மனைவி ஷெரீஃபா பயந்தாள். கெஞ்சினாள், திட்டினாள், பேசாமலும் இருந்து பார்த்தாள். கடைசியில், வலிக்காது என்று தானே உட்கார்ந்து காட்டுவதாகச் சொல்லி, அவனை வண்டி வாசல்வரை இழுத்துவந்து நிறுத்திவிட்டு ஏறினாள்.

கண்ணைப் படமெடுக்கும் கருவியில் தாடையை வைத்தாள். பளிச்சென்று ஒரு வெளிச்சம், அவ்வளவுதான். சிரித்துக்கொண்டே இறங்கப் போனவளை டாக்டர் ஈனெஸ் மறுபடி உட்காரச் சொன்னார். இன்னொரு படம் எடுத்தார். கண்ணின் அழுத்தத்தை அளந்தார். பிறகு ஜலூலை உள்ளே கூப்பிட்டுத் திரையைக் காட்டினார்.

"கண் நரம்பு தொடங்குற இடம் இது. நடுவுல இருக்கிற குழி பெருசாயிருக்கு, கண் அழுத்த நோய்தான். பயப்படாதீங்க, பார்வை இன்னும் போகல. தினமும் சொட்டு மருந்து போட்டா காப்பாத்திடலாம்."

"எங்க அப்பாவோட நோய் இவளுக்கு எப்படி டாக்டர்?"

கேட்ட பிறகுதான் அவனுக்கே உறைத்தது. ஷெரீஃபா அவன் சித்தப்பா மகள். அந்த ஊரில் அப்படிக் கட்டுவதுதான் மரியாதை. இத்தனை வருஷமும் எல்லாரும் அவன் கண்ணுக்காகவே பயந்துகொண்டிருந்தார்கள். அதே ரத்தம் அடுப்படியில் நின்றதை ஒருத்தரும் நினைக்கவில்லை, அவள் உட்பட.

எத்தனையோ புயல் பார்த்தவன் பதறிப்போனான். மருந்தைக் கொடுங்கள், நானே போட்டுவிடுகிறேன் என்று டாக்டரைப் பிடுங்கி எடுத்தான்.

ஷெரீஃபா மூக்கை உறிஞ்சினாள். "நீ அந்த நாற்காலியில உக்காராம என் கண்ணுல ஒரு சொட்டு விழாது, ரயிஸ்."

எதிரே அவன் ஆட்கள் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதவைச் சாத்தட்டுமா என்று டாக்டர் கேட்டார்.

"வேணாம். நல்லா பாக்கட்டும்," என்று சொல்லித் தாடையை வைத்தான்.

அவன் கண்ணில் கோளாறு ஒன்றுமில்லை. வருஷா வருஷம் வந்து காட்டச் சொன்னார் டாக்டர். இறங்கியவன் நேரே கடை வாசலுக்குப் போனான்.

"என் பொண்டாட்டிக்கு வந்திருக்கு. சீக்கிரம் தெரிஞ்சதால தப்பிச்சா. என் படகுல ஏறணும்னா முதல்ல எல்லாரும் அந்த வண்டியில ஏறுங்கடா."

முணுமுணுத்துக்கொண்டே எழுந்தார்கள். அன்று மாலை ஷெரீஃபாவுக்கு முதல் சொட்டை அவன்தான் போட்டான். குறி தவறி அது கன்னத்தில் வழிந்தது. துடைத்துவிட்டு, இன்னொரு சொட்டு போட்டான்.